பொதிகைப் பூவுக்குப் பெயர் சூட்டிய கர்னல்

நாரணாபுரத்தில் விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பாருங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் நீல நிறத்தில் ஒரு மலை வரிசை தெரியும். அதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை.

அந்த மலை வரிசை அங்கேயே முடிந்துவிடுவதில்லை. சிவகிரி, குற்றாலம், பாபநாசம் என்று தெற்கே நீண்டுகொண்டே போகிறது. அகத்திய முனிவர் வாழ்ந்ததாக நம் முன்னோர்கள் சொல்லும் பொதிகையில் போய், 6,000 அடிக்கு மேல் ஓங்கி நிற்கிறது. தாமிரபரணி அங்கேதான் பிறக்கிறாள்.

பொதிகையின் உச்சிச் சரிவுகளில் பாறைக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு பூ பூக்கிறது. நிறம் மஞ்சள். பூவின் நடுவில் ஒரு சின்னஞ்சிறு செருப்பு தொங்குவதுபோல் இருக்கும். தென்னிந்தியாவில் இந்த வகையைச் சேர்ந்த செடி இது ஒன்றுதான். இதன் உறவுச் செடிகளைப் பார்க்க வேண்டுமானால் 1,000 மைலுக்கு அப்பால், அசாமுக்கு அருகே உள்ள மலைகளுக்குப் போக வேண்டும்.

இந்தப் பூவுக்கு உலகம் அறிய ஒரு பெயரைச் சூட்டியவர் ஒரு பட்டாளத்துக்காரர். அவர் பெயர் கர்னல் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம். அவர் பெயர் சூட்டியதால் அந்தப் பூவுக்குப் புகழ் வந்தது. புகழோடு ஆபத்தும் வந்தது. அவருடைய கதையையும் அந்தப் பூவின் கதையையும் இன்று பார்ப்போம்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

பெட்டோம் 1830ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் லண்டனில் வசதியுள்ள வக்கீல். இவர்தான் மூத்த மகன்.

சார்ட்டர்ஹவுஸ் என்ற பெயர்பெற்ற பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் தகப்பனாரைப்போல் சட்டத் தொழிலுக்குப் போகட்டும் என்று வீட்டில் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் பையனின் மனம் சட்டப் புத்தகங்களில் பதியவில்லை. வெளியே போக வேண்டும், புது ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று துடித்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்து இளைஞர்களுக்கு அப்படி ஒரு ஆசை வந்தால், எதிரே ஒரு கதவு திறந்திருந்தது. அதுதான் கிழக்கிந்தியக் கம்பெனி. 18 வயதில், 1848ஆம் ஆண்டு, பெட்டோம் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். கப்பல் ஏறி இந்தியா வந்தார்.

முதலில் அவரை ஜபல்பூருக்கு அனுப்பினார்கள். பட்டாளத்தின் சாமான்களைக் கவனிப்பதும், சிப்பாய்கள் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்வதும் அவருக்குக் கிடைத்த வேலைகள். ஆகவே இந்நாட்டு மொழிகளைப் பழக வேண்டியிருந்தது. பின்னாளில் காடு காடாக அலைந்தபோது அந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் செடிகளையும் பூச்சிகளையும் தேடிப் போனார். துப்பாக்கி பிடித்த கை, மெல்ல மெல்லச் செடி பறிக்கும் கையாக மாறியது.

காட்டு இலாகா பிறந்தது

1856ஆம் ஆண்டு சென்னை ராஜதானிக்கு என்று தனியாக ஒரு காட்டு இலாகா ஏற்பட்டது. அதை அமைத்தவர் ஹியூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர்.

காட்டுக்கு இலாகா எதற்கு? அதே 1856இல்தான் சென்னை ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. ரயில் ஓடத் தண்டவாளம் வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் போட ஆயிரம் ஆயிரமாகக் கட்டைகள் வேண்டும். கப்பல் கட்டவும் மரம் வேண்டும். எல்லோரும் வெட்டினார்கள். நட்டவர்கள் மிகக் குறைவு. இப்படியே போனால் சில ஆண்டுகளில் மரமே மிஞ்சாது என்று சர்க்கார் பயந்தது.

கிளெகார்ன் தமக்கு உதவியாட்களைத் தேடினார். செடிகளை அறிந்தவர்கள், காட்டில் நடக்கச் சலிக்காதவர்கள் தேவைப்பட்டார்கள். பட்டாளத்து இளைஞர் பெட்டோமின் பெயர் அடிபட்டது. 1850களின் பிற்பகுதியில் அவர் காட்டு இலாகாவில் சேர்ந்தார்.

1860இல் கிளெகார்னுக்கு அடுத்து இலாகாவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 30. அதற்கு அடுத்த 20 ஆண்டுகளுக்கு மேல், 1882 வரை, அவரே அந்தப் பதவியில் இருந்தார்.

அந்தக் காலத்துச் சென்னை ராஜதானி மிகப் பெரியது. இன்றைய தமிழ்நாடு முழுவதும், ஆந்திரத்தின் பெரும் பகுதியும், மலபாரும், இன்னும் சில இடங்களும் அதில் அடக்கம். ஆனைமலை, நீலகிரி, பழனி மலை, கடப்பை மலை, திருநெல்வேலி மலை என்று எல்லாவற்றிலும் அவர் ஏறி இறங்கினார். அந்த நாளில் மலைக்காய்ச்சல் வந்தால் பிழைப்பது அரிது. அட்டையும் பாம்பும் காட்டில் சகஜம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வழி தெரிந்த மலைவாசிகளின் துணை இல்லாமல் அப்படிப்பட்ட காடுகளில் எந்தத் துரையும் உலாவியிருக்க முடியாது. பொதிகையில் காலங்காலமாக வாழ்பவர்கள் காணி மக்கள். இப்படித் துணை நின்ற மலைவாசிகளின் பெயர்கள் பெரும்பாலும் புத்தகங்களில் ஏறவில்லை.

பாம்புக்கும் பெயர், மரத்துக்கும் பெயர்

பெட்டோம் மரங்களைக் கணக்கெடுக்க அனுப்பப்பட்ட அதிகாரி. ஆனால் அவர் கண்ணில் பட்டதையெல்லாம் ஆராய்ந்தார்.

மண்ணுக்குள் புதைந்து வாழும் விஷமில்லாத சிறு பாம்புகள் நம் மலைகளில் உண்டு. அவற்றின் வால் கேடயம்போல் மழுங்கி இருக்கும். அவற்றில் பல வகைகளை முதன்முதலாக உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இவர்தான். பல்லி, தவளை, நத்தை ஆகியவற்றையும் சேகரித்தார். இன்றும் பல பிராணிகளின் அறிவியல் பெயரில் பெட்டோமின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செங்கோட்டையைத் தாண்டி மலைப்பாதையில் தென்மலைக்குப் போகிறவர்கள் செந்துருணிச் சரணாலயம் என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். அங்கே வளரும் ஒரு மரத்தை வைத்தே சரணாலயத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அந்த மரத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் பெட்டோம்தான்.

இலை அடியில் பொடி வைத்து இனம் பெருக்கும் பெரணிச் செடிகளிடம் அவருக்குத் தனி மோகம். பூவும் காயும் இல்லாத அந்தச் செடிகளைப் பற்றி 1863 முதல் பெரிய பெரிய புத்தகங்களை வெளியிட்டார். 1869 முதல் 1873 வரை தென்னிந்திய மரங்களைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார். அதில் 330 படங்கள். 1868 முதல் 1874 வரை இந்தியச் செடிகளின் படத் தொகுப்பு ஒன்று பகுதி பகுதியாக வந்தது. அதில் 300 படங்கள்.

கல் அச்சும் கோவிந்துவும்

அந்தப் படங்களெல்லாம் லித்தோ முறையில், அதாவது கல்லில் அச்சான படங்கள். லித்தோ என்றால் என்ன என்று சிவகாசிப் பக்கத்தில் யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் பெயர்போன ஊர் அல்லவா! கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை ஈரமாக்கி மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஈரம் உள்ள இடத்தில் பிடிக்காது. அவ்வளவுதான் சூட்சுமம்.

புகைப்படம் பரவாத காலம் அது. ஒரு செடியை அடுத்தவருக்குக் காட்ட வேண்டுமானால் வரைந்துதான் காட்ட வேண்டும். இலையில் உள்ள நரம்பு ஒன்று தப்பினாலும் வேறு செடியாகிவிடும்.

பெட்டோமுக்காகப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கோவிந்து. நம் நாட்டு ஓவியர். இவர் அதற்கு முன்பே ராபர்ட் வைட் என்ற டாக்டருக்கு ஏராளமான செடிகளை வரைந்து கொடுத்தவர். ஓவியரின் திறமையைக் கண்டு மகிழ்ந்த வைட், 1853இல் ஒரு ஆர்க்கிட் செடிக்கே அவர் பெயரைச் சூட்டினார். கோவிந்துவியா என்பது அந்தப் பெயர். வெள்ளைக்காரர் ஆண்ட அந்த நாளில் ஓர் இந்திய ஓவியருக்கு இப்படிப்பட்ட மரியாதை கிடைப்பது அபூர்வம்.

பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தச் செடியை வேறொரு பெயருடைய இனத்தில் சேர்த்துவிட்டார்கள். கோவிந்துவின் பெயர் பழைய புத்தகத்தோடு நின்றுபோயிற்று.

பொதிகையில் ஒரு செருப்பு

இப்போது நம் பூவிடம் வருவோம்.

1865ஆம் ஆண்டு கர்னல் ஹீபர் ட்ரூரி என்ற மற்றொரு பட்டாளத்து அதிகாரி, திருவிதாங்கூர் மலைகளில் இந்தப் பூவைக் கண்டார். அவரும் செடிப் பித்தர். இந்தியாவில் பயன் தரும் செடிகளைப் பற்றி 1858இலேயே ஒரு புத்தகம் எழுதியவர்.

பெட்டோம் அந்தச் செடியை ஆராய்ந்தார். இதுவரை யாரும் விவரிக்காத புதுச்செடி என்று முடிவு செய்தார். 1874இல் வெளிவந்த தம் படத் தொகுப்பில் 112ஆவது படமாக அதை வெளியிட்டார். செடிக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளாமல், முதலில் கண்ட ட்ரூரியின் பெயரையே சூட்டினார்.

இந்த வகைப் பூக்களை இங்கிலாந்தில் சீமாட்டியின் செருப்பு என்பார்கள். நாம் சுருக்கமாகச் செருப்புப் பூ என்று வைத்துக்கொள்வோம். பெட்டோம் வைத்த அறிவியல் பெயர் சிப்ரிபீடியம் ட்ரூரி. 1892 முதல் அது பாஃபியோபெடிலம் ட்ரூரி என்று மாறியது. இரண்டு பெயருமே கிரேக்கர்களின் காதல் தேவதையின் செருப்பு என்ற பொருளில் வந்தவை.

இந்தச் செருப்பு வெறும் அழகுக்காக ஏற்பட்டதல்ல. அது ஒரு பொறி.

பூவின் நிறத்தைப் பார்த்து, உள்ளே தேன் இருக்கும் என்று பூச்சி வருகிறது. விளிம்பில் உட்கார்ந்ததும் வழுக்கிச் செருப்புக்குள் விழுகிறது. வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் ஒரு குறுகிய சந்து மட்டும் இருக்கிறது. அதில் நெருக்கிப் புகுந்து வெளியேறும்போது மகரந்தம் பூச்சியின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவிலும் அதே பூச்சி ஏமாந்து விழுந்தால், அந்த மகரந்தம் அங்கே சேர்கிறது. பூவுக்கு விதை பிடிக்கிறது. பூச்சிக்கோ ஒரு துளித் தேன்கூடக் கிடைப்பதில்லை!

பெயர் வந்தது, ஆபத்து வந்தது

அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்திருந்தது. நம் ஊரில் சிலர் பந்தயக் குதிரைக்குக் கொட்டுவதுபோல், அவர்கள் ஆர்க்கிட் செடிக்குப் பணத்தைக் கொட்டினார்கள். கண்ணாடி வீடு கட்டி, அதற்குள் கொதிநீர்க் குழாய் ஓட்டி, வெப்ப நாட்டுச் செடிகளை வளர்த்தார்கள். செடி கொண்டுவர உலகமெங்கும் ஆட்களை அனுப்பும் வியாபாரிகள் இருந்தார்கள்.

பெட்டோம் எழுதியது அறிவு வளர வேண்டும் என்று. ஆனால் அவர் புத்தகத்தைப் படிக்கக்கூடியவர்களில் வியாபாரிகளும் உண்டு. தென்னிந்திய மலையில் செருப்புப் பூ உண்டு, நிறம் மஞ்சள், உருவம் இப்படி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சில ஆண்டுகளில் அந்தப் பூ சீமையின் கண்ணாடி வீடுகளில் மலர்ந்தது.

அதற்குப் பின் நூறு ஆண்டுகளில் நடந்தது துயரக் கதை. செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். அந்தச் செடி ஒரு மலைப் பகுதியில் மட்டும், கொஞ்ச இடத்தில் மட்டும் வளர்வது. எடுத்தால் எங்கிருந்து வரும்? காட்டுத் தீயும் தன் பங்குக்கு அழித்தது. காட்டில் இனி இந்தப் பூ இல்லை என்று அறிஞர்கள் கவலைப்படும் நிலை வந்தது. இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் செடிகளின் உலகப் பட்டியலில் இதுவும் ஒன்று.

வீட்டை விளக்கேற்றி வைத்தால் விருந்தாளிக்கும் வழி தெரியும், திருடனுக்கும் வழி தெரியும். பெட்டோம் ஏற்றிய விளக்கும் அப்படித்தான் ஆயிற்று.

விளக்கை ஏற்றியிருக்கவே கூடாது என்று சொல்லலாமா? அப்படியும் சொல்ல முடியாது. பெயரே இல்லாத செடி அழிந்தால் அழிந்தது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. பெயர் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதைத் தேடினார்கள். காப்பாற்ற முனைந்தார்கள்.

கடைசிக் காலம்

1882இல் பெட்டோம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டில் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பல காடுகளைச் சர்க்கார் காவலில் வைத்தது. ஆடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களும் அதனால் பட்ட பாடு தனிக் கதை. காட்டு இலாகாவின் கதையில் நன்மை, தீமை இரண்டும் உண்டு.

1883இல் பெரணிகளைப் பற்றி அவர் எழுதிய கைநூல் வெளிவந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் உள்ள பெரணிகளை ஒரே நூலில் அடக்கினார். பெரணியை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

கடைசியில் இங்கிலாந்துக்குத் திரும்பி, லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் என்ற பகுதியில் குடியிருந்தார். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் சேகரித்த செடிகளும் பிராணிகளும் லண்டன் காட்சிச் சாலையிலும் வேறு இடங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நம் மலைகளில் என்ன இருந்தது என்று அறிய அவை இன்று ஆதாரங்கள்.

சீமையிலும் அதே கதை

நம் நாட்டுப் பூவை மட்டும் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெட்டோமின் சொந்த நாட்டிலும் ஒரு செருப்புப் பூ உண்டு. மஞ்சள் செருப்பும் அரக்கு நிற இதழ்களும் கொண்டது. பனியைத் தாங்கக்கூடிய குளிர் நாட்டு வகை.

அங்கே தோட்ட ஆசை கொண்டவர்கள் காட்டுக்குப் போய் அதைத் தோண்டிக்கொண்டு வந்து வீட்டில் நட்டார்கள். சந்தையிலும் விற்றார்கள். வீட்டுக்கு வந்த செடிகளில் பல செத்துப்போயின. மறுபடியும் தோண்டினார்கள்.

கடைசியில் அந்தப் பூ இங்கிலாந்தில் அடியோடு அழிந்துவிட்டது என்றே நம்பினார்கள். 1930இல் யார்க்ஷயர் பகுதியில் ஒரே ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே செடி! இடத்தை யாரிடமும் சொல்லாமல் பல ஆண்டுகள் ரகசியமாகக் காவல் காத்தார்கள். பிற்பாடு லண்டன் க்யூ தோட்டத்தில் விதையிலிருந்து கன்றுகளை வளர்த்துக் காட்டில் நட்டார்கள்.

அன்பு என்று நினைத்துச் செய்த காரியம் ஒரு பூவை ஒற்றைச் செடியாக்கிவிட்டது.

குப்பியில் பிறந்த குழந்தை

செருப்புப் பூவின் விதையைப் போட்டு வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். அதில்தான் சிக்கல்.

ஆர்க்கிட் விதை தூசியைப்போல் இருக்கும். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லுக்குள்ளும் அவரைக்குள்ளும் முளைக்கு வேண்டிய உணவு இருப்பதுபோல் இதற்குள் இல்லை. தாய்ப்பால் இல்லாத குழந்தை. மண்ணில் உள்ள ஒரு வகைப் பூஞ்சை வந்து உணவு ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899இல் நோயல் பெர்னார்டு என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்தார்.

1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் என்பவர் அடுத்த படிக்குப் போனார். பூஞ்சை ஊட்டும் உணவை நாமே ஊட்டினால் என்ன என்று யோசித்தார். கண்ணாடிக் குப்பியில் சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழை ஊற்றி, கிருமி இல்லாமல் சுத்தம் செய்து, விதையைத் தூவினார். முளைத்தது! அன்றிலிருந்து ஆர்க்கிட் செடியைக் காட்டில் திருட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

பொதிகைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் ஒரு தாவர ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1979இல் தொடங்கியது. இப்போது ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ளவர்கள் இந்தக் குப்பி முறையில் பொதிகைச் செருப்புப் பூவின் கன்றுகளை வளர்த்தார்கள். வளர்ந்த கன்றுகளை அகத்திய மலைக் காட்டில் திரும்ப நட்டார்கள். காட்டிலிருந்து எடுத்ததைக் காட்டுக்கே கொடுக்கும் வேலை அப்படித் தொடங்கியது.

சட்டமும் துணைக்கு வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 1991இல் செடிகளையும் சேர்த்தார்கள். அப்போது பட்டியலில் இருந்தவை மொத்தம் ஆறே வகைச் செடிகள். அவற்றில் ஒன்று செருப்புப் பூ இனம். மற்றொன்று திருப்பதி மலைப் பகுதியில் வளரும், பனையைப் போன்ற தோற்றமுள்ள ஒரு செடி. அந்தச் செடிக்கு 1883இல் பெட்டோமின் பெயரையே வைத்திருந்தார்கள். ஆறு செடிகளில் இரண்டு இவர் வாழ்க்கையோடு ஒட்டியவை! 2022இல் அந்தப் பட்டியலைத் திருத்தி எழுதினார்கள்.

நம் வீட்டில் வளர்க்கலாமா?

இவ்வளவு படித்தபின் வீட்டில் ஒரு தொட்டியில் வைத்துப் பார்க்க ஆசை வருவது இயற்கைதான். ஆனால் முதலில் ஊரைப் பார்க்க வேண்டும்.

செருப்புப் பூக்களில் இரண்டு வகை. ஒன்று குளிர் நாட்டு வகை. இமயத்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்வது. தோட்டக்காரர்கள் இதை உறுதியான செடி என்பார்கள். பனியைத் தாங்கும் என்றுதான் அதற்குப் பொருள். வெயிலைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் மண்ணுக்கடியில் அது தூங்க வேண்டும். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் பிழைக்காது. சித்திரை வெயிலில் 40 டிகிரியை நெருங்கும் சிவகாசி வட்டாரத்துக்கு அது ஆகாது.

மற்றொன்று பொதிகைப் பூ போன்ற மலை வகை. இதற்குப் பகலில் மிதமான வெளிச்சமும் இரவில் குளிர்ச்சியும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்களில் இருப்பவர்கள் முயலலாம்.

முயல்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

நம் நாட்டுக் காட்டு இனங்களை வளர்க்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். ஆகவே செடியை நர்சரியில் வாங்கும்போது உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது. அடியில் பெரிய ஓட்டைகள் வேண்டும். சாதாரண மண் ஆகாது. கரித்துண்டு, செங்கல் ஜல்லி, மரப்பட்டைத் துண்டு, கொஞ்சம் இலை மக்கு ஆகியவற்றைக் கலந்து போட வேண்டும்.

இந்தச் செடிக்குத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் குமிழ்த் தண்டு கிடையாது. ஆகவே வேர் அடியோடு காய்ந்துபோக விடக் கூடாது. காலையில் தண்ணீர் ஊற்றுவது நல்லது. இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

நேர் வெயில் படாத நிழலான இடம் வேண்டும். காற்றோட்டமும் வேண்டும். உரத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து எப்போதாவது ஊற்றினால் போதும்.

ஒரு குருத்து ஒரு முறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் பக்கத்தில் புதுக் குருத்து வரும். பூத்த குருத்தைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அதுதான் புதுக் குருத்துக்கு ஊட்டம் கொடுக்கிறது. பொறுமையாக இருந்தால் பல வாரங்கள் வாடாமல் நிற்கும் பூவைப் பார்க்கலாம்.

நாரணாபுரம், விருதுநகர், சாத்தூர் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஆர்க்கிட் இனத்திலேயே வெப்பம் தாங்குபவை உண்டு. டென்ட்ரோபியம் கலப்பு வகைகள் நர்சரிகளில் கிடைக்கின்றன. வாண்டா என்ற இனத்தில் ஒன்று, நம் சமவெளிகளிலேயே மாமரம் போன்ற மரங்களில் ஒட்டி வளர்வது. நிழல் வலைக்குக் கீழே தொங்கவிட்டுக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்தால் நன்றாக வளரும். அதையும் மரத்திலிருந்து பிய்த்து வராமல், நர்சரிக் கன்றாகவே வாங்குங்கள்.

செருப்புப் பூவை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய் வாருங்கள். அங்கே மத்திய சர்க்காரின் தாவர ஆய்வு இலாகா 1963இல் அமைத்த ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

வேர் மலையில் இருக்கட்டும்

மலை ஊர்களுக்குச் சுற்றுலா போகும்போது, காட்டில் பிடுங்கிய செடியை ஈரத் துணியில் சுற்றி யாராவது விற்க வரலாம். விலை மலிவாக இருக்கும். செடி பச்சையாக இருக்கும். வாங்கினால் நாலு மாதத்தில் நம் வீட்டுச் சூட்டில் அது கருகிப்போகும். நாம் கொடுத்த பணத்தை நம்பி அடுத்த செடியைப் பிடுங்க ஆள் மலை ஏறுவான். வாங்க ஆள் இல்லையென்றால் பிடுங்க ஆள் இருக்க மாட்டான்.

கர்னல் பெட்டோம் பொதிகைப் பூவை ஒரு தாளில் நிறுத்தி வைத்தார். அந்தத் தாள் 1874லிருந்து அழியாமல் இருக்கிறது. மலையில் உள்ள பூ அழியாமல் இருப்பது அவர் கையில் இல்லை. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக் காடு 2021இல் புலிகள் காப்பகமாயிற்று. அதற்கும் தெற்கே பொதிகையில் அந்த மஞ்சள் செருப்பு இன்னும் சில இடங்களில் பூக்கிறது.

நம் பேரக் குழந்தைகளும் அதைப் பார்க்க வேண்டுமானால், அதன் வேர் மலையிலேயே இருக்கட்டும்.